மூன்று சீசா தண்ணீர்

தண்ணீர் விஷயத்தில் என்னோடு யாரும் வாயாட முடியாது. எங்கள் பேட்டை ஜீவனஹள்ளியில் இதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். தெருக் குழாயில் வருவது நல்ல தண்ணீரா, இல்லை எங்கேயோ குழாய் உடைந்து சாக்கடையைத் தொட்டுவிட்டு வருகிறதா என்று ஒரு வாய் வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவேன். என் வீட்டுக்காரர் அய்யாவு இதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லுவார், சண்டை வந்தால் குத்திக்காட்டியும் சொல்லுவார். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து, தண்ணீரை மாற்றி ஊற்றிவிட்டாய் என்று ஒருவர் சொன்னார். ஐம்பத்தேழாம் வருஷம், தீபாவளி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

சொன்னவர் சுந்தரராமன் ஐயா. மைசூர் சர்க்கார் விவசாய இலாகாவில் கெமிஸ்டாக இருந்து பென்ஷன் வாங்கியவர். காக்ஸ் டவுனில் மாடி வைத்த வீடு. பென்ஷன் வாங்கினவர்கள் ஈசிசேரில் சாய்ந்து பேப்பர் படிப்பார்கள். இவர் மொட்டைமாடியில் மண்ணே இல்லாமல் தக்காளி வளர்க்க ஆரம்பித்தார். நாலு நீளமான மரத்தொட்டிகள், உள்ளே தார் பூசி, அதில் சன்னமான ஜல்லி. ஜல்லியில் செடி. செடிக்குச் சாப்பாடு முழுக்கத் தண்ணீரில். உரக்கடையிலிருந்து வாங்கிய ஐந்தாறு வகை உப்புகளை நிறுத்துத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரை ஒரு நாளைக்கு மூன்று வேளை தொட்டியில் ஊற்றி, ஜல்லி நனைந்ததும் அடியில் இருக்கிற துளையைத் திறந்து வடித்து, மறுபடி எடுத்து வைக்க வேண்டும். ஊற்றுகிறதும் வடிக்கிறதும் என் வேலை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஐயாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். தக்காளி காய்த்துத் தொங்கியதும் ஒவ்வொருத்தராகப் படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மண்ணில் செடி வைத்தால் தண்ணீர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மண் சமாளித்துக்கொள்ளும். ஜல்லிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அதனால் எந்தத் தண்ணீர் என்பதுதான் முதல் கேள்வி. ஐயா மூன்று தண்ணீரைப் பார்த்தார். பின்கட்டில் இருந்த கிணறு வற்றாத கிணறு, ஆனால் அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். அதைத் தள்ளிவிட்டார். மழைத் தண்ணீர் முதல் தரம், ஆனால் நாம் கேட்கிறபோது மழை பெய்யாது. மிச்சம் இருந்தது திப்பகொண்டனஹள்ளி ஏரியிலிருந்து வரும் நல்லித் தண்ணீர், அதாவது குழாய்த் தண்ணீர். அதில் மருந்து வாசனை இருக்கும். ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்தால் வாசனை போய்விடும். அப்புறம் உப்பைக் கரைத்து, திராவகத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காகிதத் துண்டை நனைத்து நிறம் பார்த்து, சரியான புளிப்புக்குக் கொண்டுவர வேண்டும். இதையெல்லாம் அவர் எனக்குப் பாடம் எடுக்கவில்லை. அவர் பாட்டுக்குத் தனக்குத் தானே பேசிக்கொண்டே செய்வார், நான் பக்கெட்டோடு பக்கத்தில் நிற்பேன். எனக்குக் காதும் கண்ணும் நன்றாகவே வேலை செய்தன. மூன்றாவது மாசம் காகிதத்தை நானே பார்த்தேன், சொட்டை நானே விட்டேன்.

இத்தனை தண்ணீரையும் வைத்தது ஒரு ஹண்டேயில். ஹண்டே என்றால் குளியலறையில் அடுப்பின்மேல் பதித்து வெந்நீர் போடுகிற பெரிய செம்புப் பாத்திரம். அது ஐயாவின் மனைவி ருக்மிணியம்மாளுக்குக் கல்யாணத்தின்போது பிறந்த வீட்டில் கொடுத்தது. முப்பது வருஷம் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, உள்ளே விரல் நகம் கனத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு ஏறியிருந்தது. வீட்டுக்குக் கரண்ட் பாய்லர் வந்த பிறகு ஹண்டேக்கு வேலையில்லை. ஐயா நாலு ஆளை வைத்து அதை மாடிக்கு ஏற்றிவிட்டார். ருக்மிணியம்மாள் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை என்று கேள்வி.

எனக்கு அந்த மாடி சாதாரண வேலை இல்லை. ஒயிட்ஃபீல்டு ரோட்டில் புதிதாக வந்த ஒரு பாக்டரியில் வெளிநாட்டு இன்ஜினீயர்கள் இருந்தார்கள். சாக்கடைத் தண்ணீரில் விளைந்த கீரையையும் தக்காளியையும் பச்சையாகச் சாப்பிட மாட்டோம் என்று அவர்கள் அடம்பிடித்தார்கள். ஐயாவின் தொட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு, பாக்டரி கேன்டீன் ஆபீசர் தியோடர் வந்து பார்த்தார். ஆஸ்டின் டவுன்காரர், நம்மவர்களோடு தமிழில் தன்மையாகப் பேசுகிறவர். பாக்டரியிலேயே இப்படி இருபது தொட்டி போடப் போவதாகவும், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றும் சொன்னார். டிசம்பர் முதல் வாரம் மறுபடி வருவேன், செடி இதே மாதிரி இருந்தால், ஐயாவும் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால், சரசுவை, அதாவது என்னை, எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

என் வயது அப்போது முப்பத்தெட்டு. பன்னிரண்டு வயதிலிருந்து பிறத்தியார் வீட்டுப் பாத்திரம், பிறத்தியார் வீட்டுத் துணி. பெயரும் போட்டோவும் போட்ட பாஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்குள்ளே நுழைகிற வேலை எங்கள் சந்தில் ஒரு பெண்ணுக்கும் கிடைத்ததில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும் என்று நான் வெளிப்படையாகவே சொன்னேன். வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது?

பிறகு தீபாவளி வந்தது. ருக்மிணியம்மாள் தமிழ் பேசுகிறவர்தான், ஆனால் மூன்று தலைமுறையாக மைசூர்ச் சீமை. தீபாவளிக்கு முந்தின நாள் கன்னடக்காரர்கள் நீர் தும்புவ ஹப்ப என்று கொண்டாடுவார்கள். வீட்டுப் பாத்திரம் அத்தனையும் பளபளவென்று தேய்த்து, குளிக்கிற ஹண்டேக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். மறுநாள் விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க அந்தத் தண்ணீர். ருக்மிணியம்மாள் அதை ஒரு வருஷமும் விட்டதில்லை. அந்த வருஷம் மாடிக்கு ஏறி வந்து ஹண்டேயைப் பார்த்தவர், "எங்கம்மா குடுத்தது, இப்படியா கெடக்கணும்?" என்று கண்கலங்கினார். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு மாற்ற வேண்டிய நாளும் அதுதான், அதனால் ஐயாவும் சரி என்றார். அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். படிக்கணக்கில் புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். அன்று பகல் முழுக்கத் தேய்த்தார். நான் தேய்க்கிறேன் என்றதற்கு, "இது என் ஹண்டே, நீ தொடாதே" என்றார். மறுநாள் போய்ப் பார்த்தால் உள்ளும் புறமும் ஜொலித்தது.

"தங்கம் மாதிரி மின்னுதும்மா," என்றேன். என் வாயால் நானே சொன்னேன், அதை மறைக்க மாட்டேன். அதிலேயே புதுத் தண்ணீர் பிடித்து, உப்புக் கரைத்து, திராவகமும் விட்டேன்.

பத்து நாளில் செடிகளின் கொழுந்து இலை வெளுத்தது. இரண்டு வாரத்தில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நடுவெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஐயா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"சரசு, நீ கெணத்து ஜலம் விட்டிருக்கே."

"இல்லீங்க ஐயா."

"எல சொல்றது. நரம்பு பச்ச, நடுவுல மஞ்சள். செடிக்கு இரும்பு கெடைக்கலேன்னு அர்த்தம். சுண்ணாம்பு ஜலம் விட்டா இரும்பு ஏறாது. இது பாடப் பொஸ்தகத்துல இருக்கற விஷயம்."

"பொஸ்தகத்துல இருக்கட்டும் ஐயா. நான் ஊத்தினது நல்லித் தண்ணி."

அவர் கோபப்பட்டிருந்தால்கூட நான் பதிலுக்குக் கோபப்பட்டுத் தீர்த்திருப்பேன். அவர் மெதுவாக, பாவப்பட்டுப் பேசினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "நல்லி ஒம்போது மணிக்கே நின்னுடறது. பன்னெண்டு பக்கெட் மாடிக்குத் தூக்கணும், சிரமந்தான். ரெண்டு நாள் கெணத்துலேர்ந்து எடுத்துண்டிருப்பே. ஒத்துண்டுடு, நான் ஒண்ணும் திட்டப் போறதில்ல."

"ஊத்தாததை ஊத்தினேன்னு இன்னாத்துக்கு ஒத்துக்கணும்? கெணத்து ராட்டினம் சுத்தினா தெருமுனை வரிக்கும் கிரீச்சுனு கேக்கும். அம்மாவைக் கேளுங்க."

ருக்மிணியம்மாள் படி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். "நான் கார்த்தால பூஜைல இருப்பேன். எனக்கெப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஆறு வருஷம் அந்த வீட்டில் வேலை செய்திருக்கிறேன். ஒரு ஸ்பூன் காணாமல் போனதில்லை.

"சொன்னதைச் சொன்னபடி செய்யற கைன்னு எழுதித் தரச் சொன்னார் தியோடர்," என்றார் ஐயா. "நான் எப்படி எழுதறது? நாளைலேர்ந்து நீ ஜலத்துல கை வைக்காதே. பெருக்கித் தொடச்சுட்டுப் போ."

வீட்டுக்கு வந்து அழுதேன். அழுததைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வேலை போகிறதே என்று பாதி, பொய்க்காரி ஆகிவிட்டோமே என்று பாதி. அய்யாவு, "அந்த வேலையும் வேணாம், அந்த ஊடும் வேணாம், நின்னுக்கோ" என்றார். நின்றுவிட்டால் அவர் சொன்னது உண்மை என்று ஆகிவிடும். மறுநாள் காலை வழக்கத்தைவிடக் கால்மணி நேரம் முன்னாலேயே போய்த் துடைப்பத்தை எடுத்தேன்.

ஐயா தானே தண்ணீர் தூக்க ஆரம்பித்தார். அறுபது வயசு மனுஷர், கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கெட்டுக்கு மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். நான் பெருக்கிக்கொண்டே பார்த்தேன், கை நீட்டவில்லை. ஐந்தாவது நாள் பக்கெட்டு பாதியாகக் குறைந்தது. இரும்பு உப்பை இரண்டு பங்கு போட்டார். இலை அப்போதும் தேறவில்லை, இன்னும் மோசமாயிற்று. அடி இலைகூடச் சுருண்டது. "முன்னாடி விட்ட சுண்ணாம்பு ஜல்லியில ஒட்டிண்டிருக்கு, அதோட வேலை இது" என்றார். மனுஷர் முடிவு பண்ணிவிட்டால் பண்ணிவிட்டதுதான். தானே ஒரு வாரம் நல்லித் தண்ணீர் தூக்கி ஊற்றியும் செடி சாகிறதே, சந்தேகம் வர வேண்டாமா? வரவில்லை.

எனக்கு வந்தது. நல்லி அதே நல்லி. உப்பு அதே டப்பா. திராவகம் அதே சீசா. கை மாறியும் செடி தேறவில்லை, அப்படியானால் கோளாறு கையில் இல்லை. வேறே எது மாறியது என்று யோசித்தபடியே அந்த வீட்டைப் பெருக்கினேன்.

அந்த வாரக் கடைசி நாள் தெருவில், "கலாய்... கலாய்..." என்று சத்தம் கேட்டது. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற பாய் வந்திருந்தார். ருக்மிணியம்மாள் பித்தளைப் பாத்திரங்களை வாசலில் கொண்டுபோய்ப் போட்டார். ஒன்றைத் தூக்கிக் காட்டி, "பாய், போன தடவை சரியாப் பூசலை. நேத்திக்கு ரசத்தைக் கொட்டும்படி ஆயிடுத்து. கலாய் போன எடத்துல புளித் தண்ணி பட்டா களிம்பு ஏறாதா? மனுஷா சாப்பிட வேண்டாமா?" என்று சத்தம் போட்டார்.

துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். ஹண்டேயில் தண்ணீர் நிற்கிற மட்டத்தில், சுற்றிலும் மெல்லிசாகப் பச்சைக் கோடு. நகத்தால் சுரண்டினேன், பச்சையாக வந்தது. முப்பது வருஷச் சுண்ணாம்பு அந்தச் செம்புக்குக் கலாய் பூசியது மாதிரி இருந்திருக்கிறது. அம்மாள் அதைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டார். வெறும் செம்பில் நாங்கள் திராவகம் விட்ட புளிப்புத் தண்ணீரை இரவும் பகலும் ஊறப் போட்டிருக்கிறோம். ரசமாக இருந்தால் அந்த வீட்டில் யாரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். இது தண்ணீர்தானே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஐயா என்ன சொல்லுவார் என்று தெரியும். தப்பை மறைக்கப் பாத்திரத்தின்மேல் பழி போடுகிறாள் என்பார். அதனால் வாயை மூடிக்கொண்டு, கொல்லையில் கிடந்த மூன்று ஜாம் சீசாவைக் கழுவி எடுத்தேன்.

"ஐயா, ஹண்டேலேர்ந்து ஒரு சீசா தண்ணி எடுத்துக்கிறேன். அந்த உப்பும் திராவகமும் காகிதமும் கொஞ்சம் வேணும்."

"எதுக்கு?"

"ரசம் வெக்க."

அவர் என்னை முறைத்துப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள் என்று கையை ஆட்டினார். நாற்றுப் பெட்டியில் அடர்த்தியைக் குறைக்கப் பிடுங்கிப் போட்ட தக்காளி நாற்றில் நல்லதாக ஒரு கைப்பிடியும் எடுத்துக்கொண்டேன். அதையும் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

வீட்டில் ஜன்னலோரம் மூன்று சீசாவையும் வைத்தேன். முதல் சீசாவில் ஹண்டேத் தண்ணீர். இரண்டாவதில் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீர், ஒரு நாள் மண்பானையில் வைத்து, அதே உப்பு, அதே திராவகம், அதே காகித நிறம். மூன்றாவதில் ஐயா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், உப்பு மட்டும் போட்டு. நான் ஊற்றியதாக அவர் சொன்ன தண்ணீர் என்ன செய்கிறது என்றும் தெரிய வேண்டுமே. ஒவ்வொன்றிலும் மூன்று நாற்றை அட்டையில் துளை போட்டுத் தொங்கவிட்டேன். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்பதால் சீசாவுக்குப் பேப்பர் சுற்றினேன். அய்யாவு அது ஏதோ கஷாயம் என்று நினைத்து ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். குடித்திருந்தால் அந்தப் பழியும் என்மேல் வந்திருக்கும்.

ஒன்பது நாள். தினமும் பேப்பரை விலக்கிப் பார்ப்பேன். ஒன்பதாவது நாள் மூன்றையும் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து காக்ஸ் டவுனுக்கு நடந்தேன். எனக்கு இனிமேல் பயமில்லை என்று தெரிந்துவிட்டது. வழியில் தெரிந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டே போனேன்.

சமையலறைப் படியில் கூடையை இறக்கி, இரண்டு பேரையும் கூப்பிட்டேன். சீசாக்களை வரிசையாக வைத்துப் பேப்பரை அவிழ்த்தேன்.

"இது மண்பானைத் தண்ணி, ஐயா. எல பச்ச, வேர் வெள்ள. இது உங்க கெணத்துத் தண்ணி. எல மஞ்சள்தான், நீங்க சொன்னது சரி. ஆனா வேரப் பாருங்க, வெள்ளையா நீட்டமா எறங்கியிருக்கு. இது ஹண்டேத் தண்ணி. எலயும் மஞ்சள், வேரும் கருகிப் போய் மொட்டையா நிக்குது. இப்ப மேல வாங்க. தொட்டியிலேர்ந்து ஒரு செடியப் புடுங்கிக் காட்டறேன். வேர் வெள்ளையா இருந்தா நான் கெணத்துத் தண்ணி ஊத்தினவ. இன்னிக்கே போயிடறேன்."

ஐயா ஆரம்பித்தார். "மூணு சீசாவ வெச்சுண்டு ஒரு முடிவுக்கு வர முடியாது. வெளிச்சம் சமமா பட்டுதா, நாத்து ஒரே வயசா, இதெல்லாம்..."

ருக்மிணியம்மாள் அவரைப் பேசவிடவில்லை. ஹண்டேத் தண்ணீர் சீசாவைத் தூக்கி வேரைப் பார்த்தவர் முகம் மாறியது. "களிம்பு," என்றார். "ஐயோ ராமா, நான் தேச்சேனே. உள்ளயும் தேச்சேனே."

"என்ன களிம்பு?" என்றார் ஐயா.

"ரசத்துக்குத் தெரியறது, ஒங்களுக்குத் தெரியலயா? மேல போய் அந்தச் செடியப் புடுங்கிப் பாருங்கோ!"

மாடிக்கு ஏறினோம். தொட்டியிலிருந்து பிடுங்கிய செடியின் வேர் கறுத்து, கரும்பழுப்பாக, விரல்கடை நீளத்துக்குமேல் ஒன்றும் இல்லை. ஐயா அதை ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்தார். ஹண்டேயின் பச்சைக் கோட்டையும் தடவிப் பார்த்தார். திடீரென்று அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். "காப்பர்! வேர்ல காப்பர் ஏறினா இரும்ப உள்ள விடாது. அதான் எலயும் மஞ்சள். பிரமாதம், பிரமாதம்!" என்று இலாகாவில் ஏதோ பெரிய கேஸைப் பிடித்தவர் மாதிரி கையைத் தட்டிக்கொண்டார். அப்படியே கீழே ஓடி எதையோ எழுத உட்கார்ந்துவிட்டார். என்னைப் பொய்க்காரி என்று சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லை. அடுத்த நாள் காலை, "சரசு, பக்கெட்ட எடு" என்றார், அவ்வளவுதான்.

அதற்குமேல் தகராறு செய்ய நேரமில்லை. தியோடர் வரப் பதினாறு நாள்தான் இருந்தது. குயவர்கள் இருக்கிற பாட்டரி ரோட்டுக்கு நானே போய், தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்ட பெரிய பானை நாலு எடுத்து வந்தேன். தொட்டிகளை வெறும் நல்லித் தண்ணீரால் மூன்று நாள் அலசி அலசி வடித்தேன். இரண்டு தொட்டிச் செடிகள் தேறாது என்று தெரிந்ததும் பிடுங்கிப் போட்டேன். மிச்சம் இரண்டுக்கும் பானைத் தண்ணீர் விட்டேன். திராவகத்தைச் சுண்ணாம்பு ஏறிய ஹண்டேக்குப் போட்ட பழைய கணக்கில் விடாமல், ஒவ்வொரு தரமும் காகிதம் நனைத்தேன். பன்னிரண்டாவது நாள் நுனியில் பச்சைக் கொழுந்து வந்தது. ருக்மிணியம்மாள் ஹண்டேயைக் கீழே இறக்கி, கூடத்து மூலையில் குடைகளைப் போட்டு வைத்துக்கொண்டார்.

தியோடர் சொன்ன நாளில் வந்தார். தொட்டிகளைச் சுற்றி வந்து, கீழ் இலை மஞ்சளாகவும் மேல் இலை பச்சையாகவும் இருப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்டார்.

"சின்ன ஜலக் கோளாறு," என்றார் ஐயா. "கண்டுபிடிச்சு சரி பண்ணியாச்சு. எல்லாம் நோட்டுல ஒண்ணு விடாம எழுதியிருக்கேன், நீங்களே பாக்கலாம்." கீழே போய்ப் பெருமையாக நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

தியோடர் இங்கிலீஷில் எழுதியிருந்ததைப் புரட்டிக்கொண்டே வந்தார். ஒரு பக்கத்தில் நின்றார். வாய்க்குள்ளேயே படித்தார், ஆனால் எனக்கு இரண்டு வார்த்தை கேட்டது. சர்வன்ட். வெல் வாட்டர். இங்கிலீஷ் தெரியாதுதான், அந்த இரண்டும் தெரியாமல் பங்களாக்களில் இருபத்தாறு வருஷம் வேலை பார்க்க முடியாது.

"சார், அதைத் தமிழ்ல படிங்க," என்றேன்.

அவர் ஐயாவைப் பார்த்தார். தியோடர் தொண்டையைச் சரி பண்ணிக்கொண்டு படித்தார். "நவம்பர் அஞ்சு. இலைகள் மஞ்சள். காரணம், வேலைக்காரி குழாய்த் தண்ணிக்குப் பதிலா கிணத்துத் தண்ணி ஊத்தியிருக்கா. கேட்டா ஒத்துக்க மாட்டேங்கறா."

"அப்புறம் பின்னாடி திருத்தி எழுதியிருக்கேனே," என்றார் ஐயா வேகமாக. "நவம்பர் இருபத்தொண்ணு பாருங்கோ. கோளாறு செம்புப் பாத்திரத்துனால, பாத்திரம் மாத்தியாச்சுன்னு இருக்கும்."

"இருக்கு," என்றார் தியோடர்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் அடக்கி வைத்த கோபம். தண்ணீரையும் பாத்திரத்தையும் செடியையும் சரி பண்ணிவிட்டேன், என்னைச் சரி பண்ணாமல் நோட்டுக்குள் அப்படியே வைத்திருந்தார்கள்.

"ஐயா, பின்னாடி எழுதினது செம்பைப் பத்தி. முன்னாடி எழுதினது என்னைப் பத்தி. அது அப்படியேதான் இருக்குது. இவரு பாக்டரில எங்கையால ஊத்தற தண்ணிய நம்பி நாலு பேர் சாப்பிடப் போறாங்க. நான் பொய் சொல்றவளா இல்லியான்னு இவரு முன்னாடி சொல்லிடுங்க. பொய்க்காரின்னா எனக்கு அந்த வேலை வேணாம், நானே வேணாம்னு சொல்லிட்டுப் போறேன்."

ஐயா கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. தான் சொன்னது ஒருத்தியைச் சுட்டிருக்கும் என்று அதுவரைக்கும் அவருக்குத் தோன்றவே இல்லை, இப்போது தோன்றிவிட்டது. அது முகத்தில் நன்றாகவே தெரிந்தது. "குடுங்கோ" என்று நோட்டை வாங்கினார். பேனாவைத் திறந்து, அந்த வரியை அடித்தார். பக்கத்து ஓரத்தில் நெருக்கி நெருக்கி எழுதினார். எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டு, என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை, தியோடரிடம் கொடுக்கச் சொன்னேன்.

தியோடர் இந்தத் தடவை நான் கேட்காமலே தமிழில் படித்தார். "மேலே எழுதினது தப்பு. சரசு கடைசி வரைக்கும் சொன்ன தண்ணியத்தான் ஊத்தினா. செம்புதான் காரணம்னு கண்டுபிடிச்சது அவதான். அவ சொன்னது உண்மை, நான்தான் நம்பலை. சுந்தரராமன்."

நோட்டை மூடிவிட்டு, "திங்கக்கிழமை வர முடியுமாம்மா?" என்றார். "போட்டோ ரெண்டு எடுத்துக்கிட்டு வாங்க, பாஸுக்கு."

"வரேன் சார்," என்றேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவில்லை. மாடிப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, ருக்மிணியம்மா, கொஞ்சம் மேல வாங்க" என்று கூப்பிட்டேன். அம்மாள் ஈரக் கையோடு ஏறி வந்து படியோரத்தில், அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நின்றார். நான் தியோடர் பக்கம் திரும்பினேன்.

"சார், அதை இன்னொரு வாட்டி படிங்க. அம்மாவும் கேக்கட்டும்."